மேட்டுப்பாளையம் வெயிலுக்கு எந்த கம்ப்ரெசர் தாங்கும்? மலையிலிருந்து இறங்குகிறவன் கேட்கிறேன்

அரவேணு மேஸ்திரி எழுதியது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 34 வருஷம் எலெக்ட்ரிக்கல் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அரவேணு. எங்கள் வீட்டில் சீலிங் ஃபேனே கிடையாது, மாட்டுவதற்குக் கொக்கிகூட விடவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது ஏசி வாங்கக் கிளம்பியிருக்கிறேன். டீக்கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரிக்கு மூச்சிரைப்பு. ஜூனில் மேகம் இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டால் செப்டம்பர் வரை எங்களுக்குத் துணியும் காயாது, அவளுக்கு நெஞ்சுச் சளியும் காயாது. மார்கழிப் பனி வேறு. கீழே போய் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்தில் சிறுமுகை ரோட்டுப் பக்கம் மச்சினன் வீடு காலியாக இருக்கிறது. அங்கேதான் குடிபோகிறோம்.

போன ஏப்ரலில் சோதனைக்கு நான்கு நாள் அங்கே தங்கிப் பார்த்தோம். குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போதே பஸ் ஜன்னலில் அனல் அடிக்கத் தொடங்கிவிடும், அது தெரிந்த கதை. ராத்திரிதான் தாங்க முடியவில்லை. ஒற்றை மாடி, கான்கிரீட் கூரை, படுக்கையறை 12-க்கு 11, அதில் ஒரு சுவர் மேற்குப் பார்த்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் டிரையர் அறைச் சுவர் மாதிரி இளஞ்சூடு. ஃபேன் போட்டால் கூரையின் சூட்டை அள்ளித் தலையில் கொட்டுகிறது.

கோவையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் இன்வெர்ட்டர் என்கிறார், அடுத்தவர் டூயல் இன்வெர்ட்டர் என்கிறார், மூன்றாமவர் ரோட்டரி என்றால்தான் நிற்கும் என்கிறார். பழைய சிநேகிதர் ஒருவர், தன்னிடம் கிடக்கும் விண்டோ ஏசியை சும்மாவே தருகிறேன், பிஸ்டன் கம்ப்ரெசர், யானை மாதிரி என்கிறார். எதை நம்புவது?

எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, சரியா என்று சொல்லுங்கள். எங்கள் ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளின் (வித்தரிங் ட்ரஃப்) ஃபேன்களுக்கு வி.எஃப்.டி. போட்டோம், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. பச்சை இலை கொஞ்சம் வாடிய பிறகு ஃபேன் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக் கணக்கு (0.8 × 0.8 × 0.8) என்று எஞ்சினியர் சொல்வார், மீட்டரிலும் கண்ணால் பார்த்தேன். இன்வெர்ட்டர் ஏசியும் உள்ளே வி.எஃப்.டி.தானே. அப்படியானால் அதே லாபம் கிடைக்குமா? இன்னொன்று, அந்த வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் குறைவு, 186 வோல்ட்தான். அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊட்டி உருளை எழுதியது:

அண்ணா, ஏப்ரல் மே இரண்டு மாதம் மேலே வந்துவிடுங்கள். ஏசிக் காசு மிச்சம். ஊரே ஊட்டிக்கு வருகிற நேரத்தில் நீங்கள் ஏன் எதிர்த் திசையில் ஓடுகிறீர்கள்?

அரவேணு மேஸ்திரி எழுதியது:

தம்பி, மேல் வீட்டில் மகன் குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரிக்கு இந்த மலைப்பாதையில் ஒருமுறை ஏறினாலே இரண்டு நாள் தலைசுற்றல். இ-பாஸ், சீசன் கூட்டம் எல்லாம் தாண்டி நடுவழியில் மூன்று மணி நேரம் நின்றோமென்றால் அவ்வளவுதான். கம்ப்ரெசருக்கு வாருங்கள்.

காரமடை கூலிங் எழுதியது:

அண்ணா, நான் காரமடையில் பதினாறு வருஷமாக ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேனுங்க. மேலேயும் ஏறுவேன். உங்கள் ஃபேக்டரிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ட்ரஃப் ஃபேன் கணக்கு கம்ப்ரெசருக்குப் பொருந்தாது. ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, வேகம் குறைந்தால் எதிர்ப்பும் சேர்ந்து குறைகிறது. கம்ப்ரெசர் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு கேஸ் என்று அளந்து அமுக்கி வெளியே தள்ளியாக வேண்டும். எதிரே நிற்கும் பிரஷர் வெளி வெயிலைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது அல்ல. அதனால் வேகம் பாதியானால் கரண்டும் கிட்டத்தட்ட பாதிதான், எட்டில் ஒரு பங்காகாது. குளிர்ச்சியும் பாதியாகிவிடும். அப்படியானால் லாபம் எங்கே என்று கேட்பீர்கள். வெளியே இருக்கும் காயில், அதாவது சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருள், முழு வேகத்துக்கு அளவெடுத்துச் செய்தது. பாதி கேஸ் மட்டும் வரும்போது அதே காயில் பெரியதாகிவிடுகிறது, சூடு சுலபமாக வெளியேறுகிறது, கம்ப்ரெசருக்கு எதிரே நிற்கும் அந்த பிரஷர் (ஹெட் பிரஷர்) இறங்குகிறது. உள்ளே இருக்கும் காயிலும் அப்படித்தான். அந்த இறக்கம்தான் இன்வெர்ட்டரின் லாபம். முழு வேகத்தில் ஓடும்போது அந்த லாபமே கிடையாது. வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் போர்டு சாப்பிடுகிற கொஞ்சம் கரண்ட் அதற்கு மேல் செலவு.

ஆகவே, மேட்டுப்பாளையத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுட்டுக் கிடக்கும் அறையில் சின்ன இன்வெர்ட்டரை மாட்டினால் அது நாள் முழுக்க முழு வேகத்தில்தான் கத்தும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு வரை ஓட்டினால் முதல் ஒரு மணி நேரம் வேகமாக ஓடும், பிறகு இறங்கி முனகிக்கொண்டே கிடக்கும். உங்களுக்கு ராத்திரிதான் முக்கியம் என்றால் இன்வெர்ட்டர்.

இப்போது வகைகள். பிஸ்டன் வகை இன்றைக்கு வீட்டு ஏசியில் புதிதாகக் கிடைப்பது அரிது. உங்கள் ஃபிரிட்ஜுக்குள் இருப்பது பெரும்பாலும் அதுதான். கெட்டியானது என்பது உண்மை, சத்தமும் அதிரலும் உண்மை. ஆனால் உங்கள் சிநேகிதர் தரும் விண்டோ ஏசியில் அநேகமாக ஆர்-22 கேஸ் இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து அந்த கேஸில் புது ஏசி செய்ய இந்தியாவில் அனுமதி இல்லை. கேஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புலம்புவீர்கள். அந்த யானையை அவரே கட்டித் தீனி போடட்டும்.

ரோட்டரி என்பது உருளைக்குள் ஒரு உருளை. உள் உருளை மையம் தள்ளிச் சுற்றும், ஸ்பிரிங் தாங்கிய பிளேடு ஒன்று அதை உரசிக்கொண்டே நின்று, உறிஞ்சும் பக்கத்தையும் தள்ளும் பக்கத்தையும் பிரிக்கும். இன்றைய ஸ்பிளிட் ஏசி எல்லாம் ஏறக்குறைய இதுதான். டூயல், ட்வின் என்று கடைக்காரர் சொல்வது, இரண்டு உருளைகளை எதிரெதிரே வைத்தது. ஒன்று தள்ளும்போது மற்றது உறிஞ்சும், அதனால் அதிர்வு குறைவு, மிக மெதுவான வேகத்திலும் ஆடாமல் ஓடும். பெயரைக் கேட்டு இரண்டு ஏசி என்று நினைக்க வேண்டாம். ஸ்க்ரோல் என்று இன்னொரு வகை உண்டு, அது பெரிய மெஷின்களுக்கு, கல்யாண மண்டபம் மாதிரி. உங்களுக்குத் தேவையில்லை.

ரோட்டரியில் வெயிலுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிஸ்டன் கம்ப்ரெசரின் கூட்டுக்குள் இருப்பது திரும்பி வரும் குளிர்ந்த கேஸ். ரோட்டரியின் கூட்டுக்குள் இருப்பது அமுக்கி முடித்த சூடான கேஸ். ஓடுகிற ரோட்டரியைத் தொட்டால் கை வெந்துவிடும். மோட்டார் அந்தச் சூட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. அவுட்டோர், அதாவது கம்ப்ரெசர் இருக்கும் வெளிப் பெட்டி, காற்றில்லாத இடத்தில் இருந்தால் அந்தச் சூடு ஏறி ஏறி ஓவர்லோட் கட் ஆகும். ஏப்ரல் மத்தியானம் எனக்கு வரும் போன்களில் பாதி, "ஏசி ஓடுது, ஆனா குளிரலை, வெளியே மெஷின் நின்னு போச்சு" என்பதுதான். கம்ப்ரெசர் கெட்டிருக்காது. மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில், மூன்று பக்கம் சுவர் கட்டி, குருவி வராமல் வலையும் அடித்து வைத்திருப்பார்கள்.

டன் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. லேபிளில் போட்டிருக்கும் டன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் வெயில் ஏற ஏற குளிர்ச்சி குறையும், கரண்ட் ஏறும். டி3 என்று ஒரு வகை உண்டு, அதற்கு 46 டிகிரியில் சோதனை. பெட்டியில் 52 டிகிரி வரை ஓடும் என்று பெருமையாகப் போட்டிருந்தால், ஓடும் என்றுதான் அர்த்தம், முழு டன்னையும் தரும் என்று அர்த்தமில்லை. உங்கள் அறை 132 சதுர அடி. நடு மாடி என்றால் ஒரு டன் போதும். மேலே வெயில் காயும் கான்கிரீட், பக்கத்தில் மேற்குச் சுவர். ஒன்றரை போடுங்கள்.

கேஸ் ஆர்-32 உள்ளதாகப் பாருங்கள். ஆர்-410 வகை கடும் வெயிலில் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வெலிங்டன் வீட்டுக்காரி எழுதியது:

அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகள் திருப்பூரில் இருக்கிறாள். இன்வெர்ட்டர்தான் வாங்கிக் கொடுத்தோம். இரண்டாவது வருஷம் மே மாதம் அவுட்டோர் போர்டு போய்விட்டது. திறந்து பார்த்தால் போர்டின் மேல் ஒரு பல்லி ஒட்டிக் கருகிக் கிடக்கிறது. கம்ப்ரெசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போர்டுக்கு ஒரு வருஷம்தான் என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 9,500 ரூபாய் கொடுத்து, பதினெட்டு நாள் காத்திருந்து மாற்றினோம். அந்தப் பதினெட்டு நாளும் குழந்தைகள் ஹாலில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பழைய மாதிரி, இன்வெர்ட்டர் இல்லாத சாதா மெஷினாக இருந்தால் ஒரு கெபாசிட்டர், 300 ரூபாய், அன்றைக்கே ஓடியிருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சிக்கலில்லாத மெஷின்தான் நல்லது.

காரமடை கூலிங் எழுதியது:

அக்கா சொல்வதில் தப்பில்லைங்க. பல்லி, எறும்பு, இடி மூன்றும் போர்டுக்கு எமன். ஆனால் மேஸ்திரி அண்ணா வீட்டில் 186 வோல்ட். சாதா மெஷின் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் ஓடுகிற கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த நொடியில் 186 இன்னும் கீழே விழும், மோட்டார் உறுமிவிட்டு நிற்கும், மூன்று நிமிஷம் கழித்து மறுபடி உறுமும். அண்ணா, அந்த உறுமல் உங்களுக்குத் தெரியும். இன்வெர்ட்டர் மெதுவாக வேகம் எடுப்பதால் அந்த அடி கிடையாது.

பல்லிக்கு வழி இருக்கிறது. வயர் நுழையும் ஓட்டையைப் புட்டியால் அடைக்க வேண்டும். மாட்ட வருகிற பையன்கள் பத்தில் எட்டுப் பேர் அடைப்பதில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று அடைக்கச் சொல்லுங்கள். போர்டுக்கு வாரண்டி எத்தனை வருஷம் என்று பில் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், கம்ப்ரெசருக்கு அல்ல.

காந்தல் குளிர் எழுதியது:

கீழே போகிறவருக்கு நேரடியாக உதவாது, இருந்தாலும் சொல்கிறேன். நான் ஊட்டியில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வைத்திருக்கிறேன், அதே இன்வெர்ட்டர் கம்ப்ரெசர்தான். நாலு வழி வால்வு ஒன்று திரும்பினால் கேஸ் எதிர்த் திசையில் ஓடி உள்ளே சூடு வரும். அக்டோபரில் சொர்க்கம். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் விடியற்காலையில்தான் அதன் வண்டவாளம் தெரியும். வெளிக் காயிலில் பனி படிந்து, அதை உருக்குவதற்காக மெஷின் நடுநடுவே சூட்டை நிறுத்திவிடும். நமக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது குறைவாகத் தரும். உங்கள் ஊர் மத்தியானத்துக்கும் அதே நியாயம்தானே?

மேஸ்திரி, அரவேணு வீட்டுக்கு அது ஒன்று போட்டுக்கொண்டு மேலேயே இருந்துவிடலாமே?

காரமடை கூலிங் எழுதியது:

ஊட்டி என்றதும் நினைவு வருகிறது. கோவையிலிருந்து ஒரு பையனை அங்கே மாட்டுகிற வேலைக்கு அனுப்பினேன். பைப்பில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்ச வாக்குவம் போட்டான், கேஜ் முள் 23 இஞ்சைத் தாண்டவே இல்லை. சமவெளியில் என்றால் 30-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். எங்கோ லீக் என்று நினைத்து அரை நாள் சோப்பு நுரை வைத்துத் தேடியிருக்கிறான். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான், அதைத் தாண்டி முள் எங்கே போகும்? போனில் சொன்னபோது, இதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா என்று என்னைத் திட்டினான்.

அரவேணு மேஸ்திரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காந்தல்காரருக்கு: ஹீட்டர் சூட்டைத் தரும், மேகத்தை எப்படி நிறுத்தும்? அவளுக்கு ஆகாதது ஈரம்.

அவுட்டோர் வைக்கும் இடத்தைப் பற்றிக் காரமடைத் தம்பி சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஃபேக்டரியில் எனக்குக் கொடுத்த ஹைக்ரோமீட்டர் இன்னும் வைத்திருக்கிறேன். மரப்பலகையில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் குமிழில் நனைந்த துணி, வித்தரிங் மாடியில் தொங்கியது. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மத்தியானம் மூன்று மணி. மச்சினன் ஏற்கெனவே அவுட்டோருக்கென்று மொட்டை மாடியில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து வைத்திருக்கிறார். அதன் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நிழலில் பிடித்தேன். 46. கீழே வந்து வடக்குச் சந்தில் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் பிடித்தேன். 37. ஒரே வீடு, ஒரே நேரம், ஒன்பது டிகிரி வித்தியாசம். தெர்மாமீட்டர் பழுதோ என்று மறுபடி மேலே ஏறிப் பார்த்தேன், மறுபடியும் 46.

மூன்று கடைக்காரரும் என்ன மெஷின் என்றுதான் பேசினார்கள். எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 46-இல் எந்த கம்ப்ரெசரை வைத்தாலும் அது திணறத்தான் செய்யும். மச்சினனிடம் ஸ்டாண்டைக் கழற்றப்போகிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது, 2,200 ரூபாய் கொடுத்து அடித்ததாம். துணி காயப்போடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம், ஸ்டார். 5 ஸ்டார் லேபிளில் ஒன்றரை டன்னுக்கு வருஷத்துக்கு 770 யூனிட், 3 ஸ்டாரில் 975 யூனிட் என்று கடையில் பார்த்துக் குறித்து வந்தேன். இரண்டுமே இன்வெர்ட்டர்தான். விலை வித்தியாசம் 9,000. எது?

காரமடை கூலிங் எழுதியது:

லேபிள் கணக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்குப் போட்டது. நீங்கள் மார்ச்சிலிருந்து ஜூன் வரை, ராத்திரி எட்டு மணி நேரம். ஆயிரத்தைத் தாண்டாது. 205 யூனிட் வித்தியாசம் உங்களுக்கு 130-க்குள் வந்துவிடும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷம் ஆயிரம் ரூபாய். ஒன்பதாயிரத்தை எடுக்க ஒன்பது வருஷம். 3 ஸ்டார் இன்வெர்ட்டர் வாங்குங்கள், மிச்சக் காசில் மொட்டை மாடிக்கு வெள்ளைத் தட்டோடு போடுங்கள். ராத்திரி பதினொரு மணிச் சூடு சுவரைவிட கூரையில்தான் அதிகம் இருக்கும். கடை வைத்திருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுக்கும் கணக்கு மாறிவிடும். மாதம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சந்து எத்தனை அடி அகலம்? எதிரே காம்பவுண்டுச் சுவரா?

அரவேணு மேஸ்திரி எழுதியது:

மூன்றே கால் அடி. காம்பவுண்டுச் சுவர் ஐந்தடி உயரம். அதற்கு அப்பால் பாக்குத் தோப்பு, வீடு எதுவும் இல்லை.

காரமடை கூலிங் எழுதியது:

அப்படியென்றால் தரையில் வைக்காதீர்கள். வெளிவரும் அனல் காம்பவுண்டில் மோதித் திரும்பி அதே மெஷினுக்குள் போகும், உங்கள் 37 அரை மணியில் 45 ஆகிவிடும். ஆறடி உயரத்தில் சுவரில் பிராக்கெட் அடித்து உட்கார வைத்தால் காற்று காம்பவுண்டுக்கு மேலே தோப்புக்குப் போய்விடும். சன்ஷேடுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு அடியாவது விடுங்கள். பைப் நாலரை மீட்டர் பிடிக்கும், பெட்டியோடு வருவது பெரும்பாலும் மூன்று மீட்டர்தான், மீதிக்குக் காப்பர் பைப்பே கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது வாக்குவம் பம்ப் கொண்டு வந்திருக்கிறானா என்று பாருங்கள். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டேன் என்பான், விடாதீர்கள். உள்ளே ஈரம் நின்றால் ஆயிலைக் கெடுத்து கம்ப்ரெசரைக் கொல்லும்.

அரவேணு மேஸ்திரி எழுதியது:

ஈரம் எங்கே போனாலும் எங்களை விடாது போலிருக்கிறது. சரி தம்பி, பம்ப் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். புட்டியை நானே வாங்கி வைத்துவிட்டேன், வெலிங்டன் அம்மாவுக்கும் சேர்த்து நன்றி. பிராக்கெட்டுக்கு ஆங்கர் போல்ட் 10 எம்.எம். போதுமா, 12 வேண்டுமா? சுவர் ஹாலோ பிளாக்.

காரமடை கூலிங் எழுதியது:

ஹாலோ பிளாக்கில் சாதாரண ஆங்கர் சரியாகப் பிடிக்காதுங்க, எம்.எம். கணக்கே வேண்டாம். சன்ஷேடு பீம் மட்டத்தில் கான்கிரீட் இருக்கும், அதில் அடியுங்கள். இல்லையென்றால் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் பிளேட் வைத்து நீள போல்ட் போடுங்கள். அந்தப் பக்கம் கட்டில் தலைமாடு வருகிறதா என்று பார்த்துவிட்டுத் துளையுங்கள்.